மாற்றுக்குப் போன பிள்ளை

என் மகனைக் கொடுத்து ஒரு வேகப்பந்து வீச்சாளனை வாங்கினார்கள். வாங்கியது என் கணவரின் ஊர்க் கிளப். கொடுக்கலாம் என்று எழுந்து நின்று சொன்னவர் என் கணவர். இப்படிப் பச்சையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "என்னவோ பிள்ளையை வித்தமாதிரிக் கதைக்கிறாய்" என்பார். வேறு எப்படிக் கதைப்பது என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தரவேண்டும்.

லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கிரிக்கெட் லீக் நடக்கிறது. மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கவுன்சில் மைதானங்களில். ஊரைக் கண்ணாலும் காணாத பொடியங்கள் ஊர்ப்பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். யார் எந்த ஊருக்கு விளையாடலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. தகப்பன் பிறந்த ஊருக்கு விளையாடலாம். தாய் பிறந்த ஊருக்கு விளையாடலாம். கல்யாணம் கட்டியவர் என்றால் மனைவியின் ஊருக்கும் விளையாடலாம். ஒரு சீசனுக்கு ஓர் ஊர்தான். ஆனால் ஜூலை நடுவில், இரண்டு கிளப்பும் சம்மதித்தால், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாறிப் போனவர் அந்த சீசன் முடியும்வரை திரும்ப முடியாது. வெள்ளைக்காரன் கோடி கோடியாகக் கொட்டிச் செய்கிற வேலையை நாங்கள் சாதகம் பார்ப்பதுபோல ஊர் பார்த்துச் செய்துவிடுவோம்.

என் கணவர் நிர்மலனுக்கு ஆலங்கரை. நான் பக்கத்து ஊர், இலுப்பைவெளி. இந்த இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துப் பல்லைக் கடிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. லண்டனுக்கு வந்தும் கடிக்கிறார்கள்.

நான் மைதானத்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போய், நிழலில் கதிரை போட்டிருந்து நகைக்கதை கதைக்கிற ஆள் இல்லை. எனக்கு கிரிக்கெட் பைத்தியம். எல்லைக்கோட்டில் நின்று கத்துவேன். என்னை ஒருமுறை அம்பயர் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து ஆலங்கரைக்குத்தான் கத்தினேன், என் சொந்த ஊருக்கு எதிராகவும் கத்தினேன். அதற்காக என் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

எங்கள் மகன் யனுஷன் லெக் ஸ்பின் போடுவான். சும்மா தாய் சொல்கிற கதை இல்லை இது. அவன் கையிலிருந்து வருகிற பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பெரிய ஆட்களே முழித்துக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். சின்ன வயதிலிருந்து பின்வளவுக் கராஜ் கதவில் போட்டுப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு முறைப்பாடு கொடுக்கும்வரை பழகியவன். போன வருடம் அவன் விளையாடியதைக் கண்ட யாரோ சொல்லி, கவுண்டி அணியின் இளையோர் பயிற்சியாளர் ஒருவர் இந்த முறை எங்கள் இறுதிப் போட்டியைப் பார்க்க வருவதாக லீக்குக்கு அறிவித்திருந்தார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பொடியங்களில் நல்லவர்களைக் குளிர்காலப் பயிற்சிக்கு எடுப்பாராம். யனுஷனுக்குப் பதினேழு. அடுத்த வருடம் வயது கடந்துவிடும். ஆக, இந்த ஒரு ஆகஸ்ட்தான் அவனுக்கு. வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லாமலே மூன்று பேரும் சுமந்துகொண்டு திரிந்தோம்.

அப்போதுதான் சுஜீத் வந்து சேர்ந்தான். சுவிஸில் வளர்ந்து, கல்யாணம் கட்டி, இப்போது குரோய்டனில் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை செய்கிறவன். பந்து போட ஓடிவந்தால் நிலம் அதிரும். தகப்பனின் ஊர் இலுப்பைவெளி என்றபடியால் அவர்களுக்குத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். சீசன் பாதியில் கப்டனோடு கொழுவிக்கொண்டு, இனி இவனுக்குக் கீழே விளையாட ஏலாது என்று நின்றான். அவனுடைய மனைவி ஆலங்கரை. இனிச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிலிருந்து ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

இலுப்பைவெளி சம்மதித்தது. பதிலுக்கு ஒரேயொரு ஆளைத்தான் கேட்டார்கள். தாயின் ஊர் இலுப்பைவெளியாக இருக்கிற ஒரு பொடியனை.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் எங்கள் கிளப் தலைவர் விஜயரத்தினத்தின் மரக்கறிக்கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில்தான் கூட்டம். கருவாட்டுப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் மடக்குக் கதிரைகள். விளையாடுகிறவர்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். மிச்சமெல்லாம் என்னைப்போலக் கத்துகிற கூட்டம்.

முதலில் எழும்பியவன் சேகர். கிளப் தொடங்கிய நாளிலிருந்து பொடியங்களைத் தன்னுடைய வானில் மைதானத்துக்கு ஏற்றி இறக்கிப் பயிற்சி கொடுக்கிறவன். "வளர்ந்து வாற பிள்ளையளுக்கெண்டுதான் இந்தக் கிளப்பைத் தொடங்கினனாங்கள். இப்ப அவன் வளர்ந்து, கையில பந்து கதைக்கிற நேரம், ஒரு கப்புக்காகக் குடுக்கப் போறியளே?"

"ஒரு கப்போ?" விஜயரத்தினம் கையை விரித்தார். "சேகர், வளர்த்து வளர்த்து என்னத்தைக் கண்டனாங்கள்? பதினெட்டு வயசில யூனிவர்சிற்றி எண்டு லீட்ஸுக்கும் நொட்டிங்காமுக்கும் போயிடுவாங்கள். பேந்து ஞாயிற்றுக்கிழமைகளில மெசேஜ் வரும், ஓல் த பெஸ்ட் எண்டு. அதை வச்சு விக்கெட் எடுக்கலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மை இருந்தபடியால் சேகரும் கொஞ்சம் சிரித்தான்.

"அந்தச் சுவிஸ்காரனுக்கு முழங்காலிலை பிரச்சினையாம்" என்றான் ஒருவன். "முழங்கால் ஆகஸ்ட் மட்டும் தாங்கினால் காணும்" என்றான் மற்றவன். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், தான் கண்மூடுவதற்கு முதல் அந்தக் கப்பை ஒருக்கால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று தழதழத்தார். அவர் ஒவ்வொரு வருடமும் அதைத்தான் சொல்கிறார், ஒவ்வொரு வருடமும் வந்துகொண்டும் இருக்கிறார். இன்னொருவன், "இதென்ன புதினமே? எங்கட ஆக்கள் மாத்துச் சம்பந்தம் செய்யிறேல்லையே, பெட்டையைக் குடுத்துப் பெட்டை எடுக்கிறமாதிரி" என்றான். அதற்கும் சிரிப்பு.

நான் எழும்பினேன். "சிரிச்சது காணும். அவனுக்கு இதுதான் கடைசி வருசம். பைனலுக்குப் பயிற்சியாளர் வாறார். அது எல்லாருக்கும் தெரியும்."

"தங்கச்சி, நீங்கள் ஏன் கவலைப்படுறியள்?" என்றார் விஜயரத்தினம், குரலில் தேன் ஒழுக. "உங்கட ஊருக்குத்தானே போறான். உங்களுக்குச் சந்தோசமாயெல்லோ இருக்கவேணும்."

எத்தனை வருடமாக அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இலுப்பைவெளிக்காரி என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

கடைசியில் விஜயரத்தினம் சொன்னார்: "பெத்த தகப்பன் இருக்கிறார். நிர்மலன் வேண்டாமெண்டால் நாங்கள் இதைப் பேசேல்லை. அவர் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் நல்ல மனுசன், சத்தமில்லாத மனுசன். ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டினத்தில், கதைக்க ஒரு தமிழனும் இல்லாமல் பல வருடம் தனியாகக் கிடந்துவிட்டு இங்கே வந்தவர். ஆலங்கரை என்ற பெயர் எழுதிய பனியனை முதல்முறை போட்ட அன்று கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி நின்றார். கூட்டங்களில் அவர் வாய் திறந்தால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். தேத்தண்ணி ஆறுகிறது என்று பார்ப்பார்கள். அன்றைக்கு முழு மேல்மாடியும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் எழும்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"ஊருக்கு நல்லதெண்டால்," என்றார், "நான் குறுக்க நிக்கமாட்டன்."

கைதட்டினார்கள். விஜயரத்தினம் கட்டிப்பிடித்தார். பின்வரிசை முதியவர் எழும்பி வந்து அவருடைய தோளைத் தொட்டார். என் கணவரின் முகம் சிவந்துபோயிற்று. அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டது யனுஷன் பிறந்த அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மகனுக்குச் சொன்னார், ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல. அம்மாவின் ஊர், தேவராசா மாமாதான் அங்கே தலைவர், ஒரு சீசன்தானே, பேந்து எங்களிட்டையே வந்திடலாம். யனுஷன் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"பைனல்ல நான் பௌலிங் பண்ணுவனா, அப்பா?"

"கட்டாயம். மாமா இருக்கிறார்தானே."

"ஓகே" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஃபைன், அம்மா" என்றான்.

தேவராசா என் பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணை. நான் போன் எடுத்தபோது, "எங்கட பிள்ளை எங்களிட்ட வாறான், நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்றார். பொய் சொல்லமாட்டேன், அந்தச் சொல்லில் எனக்கும் கொஞ்சம் குளிர்ந்தது. என் ஊர்ப் பெயரை என் பிள்ளை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

முதல் போட்டியில் அவனுக்கு இரண்டு ஓவர் கொடுத்தார்கள், அதுவும் ஆட்டம் முடிந்தமாதிரி ஆன பிறகு. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் அவன் பெயர் பதினொரு பேரில் இல்லை. வெள்ளை உடுப்போடு எல்லைக்கோட்டில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருந்தான். நான் நேரே தேவராசா அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, ஏன் என்ரை பிள்ளையை வெளியில இருத்தி வச்சிருக்கிறியள்?"

அவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. குழந்தைப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலச் சொன்னார்.

"தங்கச்சி, நீ விளையாட்டுத் தெரிஞ்சவள். நீயே சொல்லு. அவன் அடுத்த வருசம் தகப்பன்ரை ஊருக்குத் திரும்பிப் போயிடுவான். எங்களிட்டையும் ரெண்டு சின்னப் பொடியங்கள் ஸ்பின் போடுறாங்கள். இருக்கிற ஓவரை அவங்களுக்குக் குடுக்காமல், போறவனுக்குக் குடுத்து நாங்கள் ஏன் வளர்க்கவேணும்?"

"அப்ப ஏன் அவனைக் கேட்டு எடுத்தனியள்?"

"சுஜீத் எப்பிடியும் போகத்தான் போறான். பைனலில உங்களைச் சந்திக்கிறமாதிரி வந்தால், யனுஷன்ரை பந்தை அடிக்க எங்களிட்ட ஆள் இல்லை. அவன் உங்களிட்ட இல்லாமல் இருந்தால் எங்களுக்குக் காணும்."

பயந்து எடுத்திருக்கிறார்கள். எடுத்து மூடி வைத்திருக்கிறார்கள். அவனை அடிக்க ஆள் இல்லை என்று அவர் சொன்னபோது என் வயிறு ஒருகணம் பெருமையில் நிறைந்ததே, அந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆலங்கரைக்காரர் அவன் எப்படியும் எங்கட பிள்ளை, திரும்பி வருவான் என்று கொடுத்தார்கள். இலுப்பைவெளிக்காரர் அவன் எப்படியும் அவங்கட பிள்ளை, திரும்பிப் போவான் என்று இருத்தினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் கதைத்தார்கள். நியாயம் கதைக்கத் தெரியாத ஆட்கள் எங்களில் யார் இருக்கிறார்கள்?

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "இஞ்சை பாருங்கோ, விஜயரத்தினத்தோட கதைச்சு அவனைத் திருப்பி எடுங்கோ."

"விதி ஒண்டிருக்கெல்லோ, லோஜினி. இனி மாறேலாது."

"அப்ப தேவராசா அண்ணையோட சண்டை பிடியுங்கோ."

"அது உன்ரை ஆக்கள்" என்றார்.

இறுதிப் போட்டிக்கு ஆலங்கரையும் இலுப்பைவெளியும்தான் வந்தன. நல்ல வெய்யில். கொத்துரொட்டி விற்கிற வான் ஒரு பக்கம், பப்பரே வாத்தியம் ஒரு பக்கம். பயிற்சியாளர் தொப்பி போட்டுக்கொண்டு, தன் மடக்குக் கதிரையைத் தானே கொண்டுவந்து, சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். நான் எந்தப் பக்கத்து ஆட்களோடும் இருக்கவில்லை. மரத்தடியில் தனியாக நின்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறக்காமல் ஒரு ஆட்டம் பார்த்தேன்.

யனுஷன் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர்ப் போத்தல் கூடையோடு உள்ளே ஓடினான், வெளியே ஓடினான். ஆலங்கரைத் துடுப்பாட்டக்காரர்கள் இலுப்பைவெளியின் இரண்டு ஸ்பின் பொடியங்களையும் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் என் மகனின் மணிக்கட்டு அவனை அறியாமலே சுழன்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு களத்தடுப்பாளனுக்குக் கால் பிடித்துக்கொள்ள, அவனை மாற்றாளாக இறக்கினார்கள். மாற்றாள் ஓடலாம், பிடிக்கலாம், பந்து போடக்கூடாது. நின்ற நேரம் முழுக்க ஒரு பந்துகூட அவன் பக்கம் வரவில்லை.

இடைவேளையில் எனக்குப் பொறுக்கவில்லை. பயிற்சியாளரிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், அதோ தண்ணீர்க் கூடையோடு நிற்கிறவன் என் மகன், இன்று விளையாடியவர்கள் எல்லோரையும்விட நன்றாகப் பந்து போடுவான் என்றேன். நல்ல மனுசன், எழும்பி நின்றுதான் பதில் சொன்னார். நம்புவதாகச் சொன்னார். ஆனால் தான் கண்ணால் கண்டதை மட்டும்தான் எடுத்துச் சொல்ல முடியும் என்றார். மன்னிக்கச் சொன்னார். அன்றைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அந்த அந்நியர்தான்.

பிறகு சுஜீத் பந்தெடுத்தான். குறை சொல்ல முடியாது, தீயாகப் போட்டான். தன் தகப்பனின் ஊரை ஐந்து விக்கெட் எடுத்துச் சுருட்டினான். கடைசி விக்கெட் விழுவதற்கு முதலே பயிற்சியாளர் கதிரையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆலங்கரை வென்றது. பப்பரே வெடித்தது. அந்த முதியவர் கப்பைத் தொட்டுவிட்டு அழுதார். விஜயரத்தினம், "நான் சொன்னனானே, நான் சொன்னனானே" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது சரியாகத்தான் வந்தது. அதுதான் கொடுமை. தோற்றிருந்தால் வைது தீர்க்கவாவது எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். என் கணவரை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் யனுஷன் வெறும் போத்தல்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒக்டோபரில், ஒரு ஞாயிறு மத்தியானம், வெற்றி விழா. மண்டபம் எடுத்து, மேடை போட்டு, மூன்று வகைப் பிரியாணி. நான் வரவில்லை என்றேன். யனுஷன்தான், "அம்மா, லெட்ஸ் கோ. அப்பா ஆசைப்படுறார்" என்று கூட்டிக்கொண்டு போனான். விளையாட்டுப் பையைக் கராஜில் எறிந்த நாளிலிருந்து அவன் கிரிக்கெட் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. பின்வளவுக் கதவில் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூட என்னிடம் விசாரித்தார்.

மேடையில் சுஜீத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். கப்டனுக்குக் கொடுத்தார்கள். பிறகு விஜயரத்தினம் மைக்கைப் பிடித்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவனுக்குச் செய்யக்கூடாததைச் செய்துவிட்டால், கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.

"இந்த வெற்றிக்குப் பின்னால ஒரு தியாகம் இருக்கு" என்றார் அவர். "ஊருக்காகத் தன்னையே குடுத்த ஒரு பிள்ளை இருக்கிறான். எங்கட நிர்மலன்ரை மகன் யனுஷன் மேடைக்கு வரவேணும்."

நான் அவனுடைய கையைப் பிடித்தேன். போகமாட்டான் என்று நினைத்தேன். அவன் என் விரல்களை மெதுவாகக் கழற்றிவிட்டு எழும்பிப் போனான். குனிந்து பொன்னாடையை வாங்கினான். போட்டோ எடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார்கள்.

யனுஷன் மண்டபத்தைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"நன்றி. ஆனா நான் ஒண்டும் குடுக்கேல்லை. அப்பாதான் குடுத்தவர்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த தகப்பனிடம் வந்தான். பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து அவருடைய தோளில் போர்த்தினான். ஒரு பக்கம் நழுவியதை இழுத்துச் சரிசெய்துவிட்டான்.

மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. "பிள்ளை எண்டால் இதெல்லோ பிள்ளை" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். எல்லோர் கையிலும் போன், எல்லோரும் படம் பிடித்தார்கள். என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில், மகனின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும், அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

திரும்பி வரும்போது காரை அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பொன்னாடை மடித்தபடி அவருடைய மடியில் கிடந்தது. யனுஷன் பின்சீட்டில். பாதி வழியில், ரோட்டைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அவன் அதை மரியாதைக்குத்தானே செய்தவன், என்ன?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதும், அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"பின்னாலதானே இருக்கிறான்" என்றேன். "அவனிட்டையே கேளுங்கோ."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தும்வரை அவர் கேட்கவில்லை.